வயலினுக்குள் நின்ற இரண்டு அங்குலக் குச்சி

பழைய வயலினை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது 2006 நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை. வேடசந்தூரிலிருந்து கிளம்பி திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகச் சேவுகம்பட்டி. கூட வந்தது என் மகள் ஜெனி, பதினோராம் வகுப்பு.

வயலின் என் மாமனாருடையது. அவருக்குப் பிறகு என் மனைவி வாசித்தாள். அவள் இறந்து மூன்று வருஷமாகிறது. அதன்பின் ஜெனி, ஞாயிறுதோறும் சர்ச்சில். கீழ்த் தந்தியில் மெல்லிய கரகரப்பு ஒன்று வரும், தூங்கி எழுந்தவர் பேசுகிற மாதிரி. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் கரகரப்பை வைத்து நம் வயலின் என்று சொல்லிவிடுவேன்.

ஜூலையில் பேப்பரில் ஒரு செய்தி. முந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் ஒருவர் செய்த வயலின்கள் கோடிக்கணக்கில் விலை போகின்றனவாம். அந்த நாதம் எப்படி வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லையாம். மரம் என்கிறார்கள், மேலே பூசிய வார்னிஷ் என்கிறார்கள், அந்தக் காலத்துக் குளிர் என்கிறார்கள். அவர் பெயர் போட்ட சீட்டு உள்ளே ஒட்டியிருக்கும் என்றும் போட்டிருந்தது. மேல்பலகை ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். நம் வயலினுக்குள்ளும் அதே பெயர். சோறு இறங்கவில்லை.

சீட்டில் வருஷம் சரியாகத் தெரியவில்லை. தந்தி மறைக்கிறது என்று நாலையும் தளர்த்தினேன். தந்தியைத் தாங்கும் குதிரை சாய்ந்தது. உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. குலுக்கி, ஓட்டை வழியாக வெளியே எடுத்தேன். இரண்டு அங்குலம், பென்சில் தடிமன், கறுத்துப்போன ஒரு குச்சி. எப்போதோ விழுந்த குப்பை என்று வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். நான் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். மெஷினைக் கழற்றினால் ஒரு வாஷரைக்கூட டப்பாவில் பத்திரப்படுத்துகிறவன். அன்று புத்தி கோடிகளில் இருந்தது.

மறுபடி தந்தி கட்டினேன். அன்று சாயங்காலம் ஜெனி வாசித்தபோது பிளாஸ்டிக் குடத்தைத் தட்டியது போல இருந்தது. தந்தி மாற்றினாள், வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியை மாற்றினாள். "கை இறுகிப்போச்சும்மா" என்றார் சர்ச்சில் பாட்டு வாத்தியார். தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வாசித்தாள். விரல் வீங்கும். நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். அக்டோபரில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வேறு பிள்ளையைப் போட்டார்கள். ஜெனி பெட்டியை மூடி பீரோ மேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ரிப்பேருக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வந்தது. குச்சியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

காலை 7.10 பஸ். திண்டுக்கல் இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஏழு ரூபாய். தூறல். ஷட்டர்களை இறக்கிவிட்டதால் உள்ளே ஒரே இருட்டு. கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"என்னண்ணே உள்ள, துப்பாக்கியா?"

"வயலின்."

"வாசிக்கச் சொல்லுங்க, லக்கேஜ் போடாம விட்டுர்றேன்."

"இப்ப வாசிக்கிறதில்லண்ணே," என்றாள் ஜெனி. அவர் லக்கேஜ் போடாமலே போய்விட்டார்.

திண்டுக்கல்லில் 7.55. ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டோம். வத்தலக்குண்டு பஸ் 8.20, பதினொரு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து மினி பஸ், மூன்று ரூபாய். இறங்கி, வாழைத் தோட்டத்தை ஒட்டிப் பத்து நிமிஷம் சேற்றில் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

ரிப்பேர் செய்கிற கருப்பையாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஜன்னல், கதவு செய்கிறவர். சுற்றுவட்டாரத்து வயலின், ஹார்மோனியம் எல்லாம் அவரிடம்தான் வரும். சீட்டைப் பற்றி நானே பெருமையாக ஆரம்பித்தேன்.

"இதே சீட்டு ஒட்டுன வயலினு வருசத்துக்கு நாலு வருதுண்ணே. பாக்டரியில கட்டுக் கட்டா அடிச்சு ஒட்டுனது."

"அப்ப அந்த இத்தாலிக்காரர் சத்தம் எப்பிடித்தான் வருது?"

"அது தெரிஞ்சா நான் ஏண்ணே சேவுகம்பட்டியில ஜன்னல் செய்றேன்?"

பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார். "உள்ள நின்ன குச்சி எங்கண்ணே?"

ஜெனி என்னைப் பார்த்தாள். எந்தக் குச்சி என்று நான் தெரியாதவன் போலக் கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"குப்பைன்னு நெனச்சு அடுப்புல போட்டுட்டேன்," என்றேன். "ஜூலையில."

கருப்பையா சிரிக்கவில்லை. "அதுதாண்ணே மேப்பலகையத் தாங்கி, சத்தத்தக் கீழ்ப்பலகைக்கு எறக்குறது. அது இல்லாட்டி வெறும் டப்பா. இந்தா, வந்து பாரு தாயி." கண்ணாடியில் ஜெனிக்குக் காட்டினார். உள்பலகையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு தடம். "இம்புட்டு வருசமா ஒரே எடத்துல நின்னுருக்கு. யாரோ நல்லா காது உள்ள ஆளு வச்சது."

"தாத்தா," என்றாள்.

புதுக் குச்சி சீவி அதே தடத்தில் நிறுத்தினார். அரிசி அரிசியாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஜெனியை வாசிக்கச் சொன்னார். மூன்று மணி நேரம். கூலி இருநூற்றைம்பது. கடைசியில் நாதம் வந்தது, சுத்தமாக, கணீரென்று. ஜெனி கீழ்த் தந்தியை நீளமாக இழுத்துவிட்டு நிறுத்தினாள்.

"அந்தக் கரகரப்பு இல்லண்ணே."

"நாலு மாசம் தாங்கலில்லாம மேப்பலகை அமுங்கிருச்சு தாயி. குச்சியும் வேற. இனி அது வராது."

திரும்பும்போது அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், பெட்டி மடியில். நான் பின் சீட்டில். பாதி வழியில் ஒரே ஒரு தடவை திரும்பினாள்.

"என் கைதான் போயிருச்சுன்னு நெனச்சேன்ப்பா. அத்தன நாள் தைலம் தேச்சு விட்டீங்களே. அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல."

அப்போது எனக்குக் குச்சியின் வேலை தெரியாது என்பது பாதி உண்மை. குச்சி போன பிறகுதான் சத்தம் கெட்டது என்கிற மறுபாதி, வீங்கிய விரலைப் பிடித்திருக்கும்போது தெரிந்துதான் இருந்தது.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மத்தியானம் அவர் ஜன்னல் மாட்டப் போய்விடுவார். நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். உள்ளிருந்து எது விழுந்தாலும் ஒரு கவரில் போட்டு, வாசிக்கிறவரிடம் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

ஜெனி இப்போது தினமும் வாசிக்கிறாள். ஜனவரியிலிருந்து மறுபடி சர்ச்சிலும். நேற்று விரல் வீங்கியிருந்தது. தைலத்தை எடுத்துக்கொண்டு போனேன். குப்பியை வாங்கிக்கொண்டு, தானே தேய்த்துக்கொண்டாள்.