ஏழாம் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூருக்கு வேலைக்குப் போக மோகனா தினமும் வாணியம்பாடியில் பஸ் மாறுவாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அங்கே பஸ் ஸ்டாண்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் கூடப் படித்த புஷ்ராவின் வீடு. பதினோரு வருடமாக அந்தக் கால் மணி நேரத்தை மோகனா நடக்கவேயில்லை. வீம்பு என்று சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம். நான் பயம் என்றே சொல்வேன்.

ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு டேனரியில் அவளுக்கு வேலை. தோல் ஊறுகிற பெரிய மர டிரம்கள் சுற்றுவது, நிற்பது, தண்ணீர் பிடிப்பது, வடிப்பது எல்லாம் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொறுப்பு. பெட்டிக்குள் இருக்கும் கட்டளைகளை எழுதியவள் மோகனா. கரண்ட் போய் வந்தால் அந்தப் பழைய பெட்டி, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை மறந்துவிடும். டிரம் மேஸ்திரி ஜியாவுதீன் பாய் மட்டும் மறக்கமாட்டார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டிரம்மின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பார். "உன் பொட்டிய விட என் கோடு மேல், மோகனாம்மா" என்பார். அவளும் சிரித்து வைப்பாள்.

இந்த மறதிதான் அவளுடைய வாழ்க்கையே என்றால் டேனரியில் யாரும் நம்பமாட்டார்கள். வேலூரில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தபோது அவளும் புஷ்ராவும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு யந்திரத்துக்குச் சில நிலைகள், சில பொத்தான்கள். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாமலேயே பொத்தான்களை ஒரு வரிசையில் அமுக்கி, எங்கிருந்து கிளம்பியிருந்தாலும் ஒரே இடத்துக்கு அதைக் கொண்டுவந்துவிட முடியுமா? முடியுமென்றால் எத்தனை அமுக்கல் போதும்? ஒரே நோட்டு, ஒரு வாரம் இவளிடம், மறுவாரம் அவளிடம். வட்டங்களும் அம்புகளுமாக நோட்டு நிறைந்துகொண்டே போனது. பதினோரு வருடம் முன்பு புஷ்ரா கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போனபோது நோட்டு மோகனாவின் முறையில் இருந்தது. அப்படியே அவளிடம் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பேச ஆளில்லை. அம்மா போன பிறகு எந்த விஷயத்தையும் பேச ஆளில்லை. கேன்டீனில் பெண்கள் சீரியல் கதை பேசுவார்கள். மோகனா டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு மனதுக்குள் அம்புக்குறி போடுவாள். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்க்காதவர்கள்.

ஒரு குறிப்பிட்ட வகை யந்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடம் போராடி அவள் ஒரு நிரூபணம் முடித்தாள். ஐந்து நிலைகள் இருந்தால் பத்து அமுக்கல் போதும், ஆறு இருந்தால் பதினைந்து என்று கணக்கு அழகாகப் போனது. பதினாலு பக்கம். சரியா தவறா என்று பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் வாணியம்பாடியில் இருந்தாள். பொங்கலுக்கு மறுநாள் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து புஷ்ராவுக்கு அனுப்பினாள். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. ரம்ஜானுக்கு இவள் வாழ்த்து அனுப்பினாள். அங்கிருந்து ஒரு பிறை நிலா படம் வந்தது, அவ்வளவுதான். எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையே இல்லாமல் பஸ் ஏறி, அந்தக் கால் மணி நேரத்தை நடந்தாள்.

கதவைத் திறந்த புஷ்ரா உள்ளே கூட்டிப்போய் டீ வைத்துக் கொடுத்தாள்.

"படிச்சியா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றாள் மோகனா.

புஷ்ரா எழுந்துபோய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தாள். பதினாலு பக்கத்தையும் தன் கையால் எழுதி வைத்திருந்தாள். ஏழாம் பக்கத்தில் மூன்றாவது வரிக்குக் கீழே ஒரு பென்சில் கோடு. ஓரத்தில் தேதி: ஜனவரி 22.

"இங்க பாரு. எங்கிருந்தாலும் காலி நிலைக்குப் போய்டலாம், போனா அங்கயே நிக்கும்னு எழுதிட்ட. அது ஏன்னு எழுதல. நீ உன் டேனரி டிரம்மயே பார்த்துட்டு இருக்க, மோனா. எந்த டிரம்ம வேணாலும் வடிச்சு நிறுத்திடலாம். ஆனா எல்லா மெஷினும் டிரம் இல்லியே."

பக்கத்தில் அவள் ஐந்து வட்டம் போட்டிருந்தாள். அதே வகை யந்திரம், ஆனால் காலி நிலை கிடையாது. மோகனா விரலால் அம்புகளைத் தொடர்ந்து எண்ணினாள். பத்தில் வரவில்லை. மறுபடி எண்ணினாள். பதினொன்று.

ஒன்பது வருடம் அந்த ஐந்து வட்டத்தில் சரிந்து விழுந்தது. காலி நிலை உள்ள யந்திரங்களுக்கு அவள் கணக்கு சரிதான், ஆனால் அது எப்போதோ தெரிந்த விஷயம். அதைப் போய் இவள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருக்கிறாள்.

"ஒரே வாரத்துல பார்த்துட்டேன்" என்றாள் புஷ்ரா. "ஒன்பது வருஷம் நீ ஒத்தையா உக்காந்து எழுதினது. தப்புன்னு நான் எப்படிடி சொல்றது? தினம் ஃபோன எடுப்பேன், வச்சுடுவேன். ஒரே பேஜார்."

மோகனாவுக்குக் கோபம் வந்தது. நிரூபணம் போனதற்காக அல்ல.

"சொல்லியிருக்கணும்டி" என்றாள். "எட்டு மாசம் இந்த பஸ் ஸ்டாண்டுல தினம் ரெண்டு வாட்டி நின்னேன். யாருமே படிக்கலன்னு நினைச்சுக்கிட்டு நின்னேன். தப்புன்னு நீ ஒரு வார்த்த அனுப்பியிருந்தா போதும்."

அழுதாள். புஷ்ராவும் அழுதாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கிளம்பும்போது மோகனா பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த வாரம் உன் முறை" என்றாள்.