மேலே இருந்து கையசைத்த அக்கா

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு செப்ரெம்பர் மாதம் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்த சம்பவம் இது. அப்போது நான் ரொறன்ரோவில், ஸ்காபரோ வெக்ஸ்போர்ட் பக்கம் ஓர் அடுக்குமாடியில் கணவரோடு இருந்தேன். கனேடியக் குடியுரிமை கிடைத்து, கையில் புதுப் பாஸ்போர்ட் வந்ததும் முதலில் தோன்றியது பாரிசில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்பதுதான். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது விமான நிலையம் வரை வந்து அழுதவள் அவள். அதன் பிறகு இடம்பெயர்வு, பங்கர், பதுங்கல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த வருடத்துக்கு முந்திய வருடம்தான் அத்தானிடம் பிரான்சுக்கு வந்து சேர்ந்திருந்தாள். கணவருக்கு ஃபக்ரரி வேலையில் லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகவே விமானம் ஏறினேன்.

பாரிசில் நாலு நாள் கோபுரம், கோயில், தமிழ்க் கடை என்று சுற்றினோம். அத்தான் ஒரு ரெஸ்ரோரண்டில் சமையல் வேலை செய்தார். அவருடைய முதலாளிக்குப் பேர்கண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு இருந்தது. "கனடாவில் இருந்து மச்சாள் வந்திருக்கிறாவாம், கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் இரு" என்று வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டார். அத்தானுக்கோ ஒரே ஆசை, நித்திரை. வருடக்கணக்காகச் சமையலறையில் நின்ற மனிதர். போய் இறங்கியதும் கட்டிலைக் கண்டுபிடித்தார், படுத்தார்.

எங்கள் இருவருக்கும் அந்த வீட்டுக் கொட்டிலில் இரண்டு சைக்கிள் கிடைத்தன. பள்ளிக்கூடம், ரியூசன் என்று சைக்கிளிலேயே வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் ரொறன்ரோவில் பஸ்ஸும் சப்வேயுமாக நான் அதை மறந்தே போயிருந்தேன். முதல் வளைவிலேயே ஒரு சுவரோடு மோதப் பார்த்தேன். அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஊர் அவ்வளவு வடிவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வகிடு எடுத்தது போலத் திராட்சை வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு ரோசாச் செடி. தூரத்தில் தேவாலயக் கூரையில் பச்சையும் மஞ்சளுமாக ஓடுகள். குலைகள் கறுத்துப் பழுத்து, வெட்டுக்கு ஆயத்தமாகத் தொங்கின. அக்காவுக்கு ஒரு குறை மட்டும் இருந்தது.

"எங்கட பக்கம் பந்தல் போட்டு ஏத்தி விடுவினம். உது என்ன, கத்தரிக்கண்டு உயரத்தில நிக்குது?"

வழியில் கண்ட கிழவர் ஒருவர் எங்களிடம் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அக்கா வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சில் சமாளித்துவிட்டு என்னைப் பார்த்து, "கனடாவில பிரெஞ்சும் அரசாங்க மொழியெண்டு சொன்னனீ?" என்றாள்.

ரொறன்ரோக்காரிக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் பால் பெட்டியிலும் சோப் பெட்டியிலும் இரண்டு மொழியில் போட்டிருப்பதை வாசித்ததுதான் என்று சொன்னேன். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம்.

அடுத்த நாள் காலை வெள்ளெனவே புறப்பட்டோம். பள்ளங்களில் மெல்லிய பனிப்புகார் இன்னும் கலையவில்லை. தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கற்கள் போட்ட ஒரு ஒழுங்கைப் பாதை. நான் முன்னே, அவள் பின்னே. திடீரென்று எங்கள் பின்னால், மேலே, பெரிய இரைச்சல் ஒன்று கேட்டது. காஸ் அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டது போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு. ஒரு நிழல் ஒழுங்கையைக் கடந்து வந்தது.

எனக்கு என்ன நடந்தது என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. சட்டையின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திராட்சை வரிசைக்குள் முகம் குப்புற விழுந்தேன். அடுத்த கணம் அக்கா என் மேல் படுத்திருந்தாள். தன் இரண்டு கையாலும் என் தலையை மூடியிருந்தாள்.

"தலையைத் தூக்காதை! தூக்காதை!"

இலைகளுக்கு ஊடாக ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பிரமாண்டமான பலூன். கீழே தொங்கும் கூடையில் நாலைந்து சனம். உல்லாசப் பயணிகள். ஒருவர் எங்களைப் பார்த்து உற்சாகமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, உது பலூன். ஆக்கள் சுத்திப் பாக்கிற பலூன்."

அவள் எழும்பவில்லை. அவளுடைய நெஞ்சு என் முதுகில் அடித்தது அப்படியே கேட்டது. என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஊரில் இருந்து வந்த பிறகு அவள் எத்தனை தரம் இப்படி மண்ணில் விழுந்திருப்பாள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. கடிதங்களில் அவள் ஒரு தரமும் எழுதியதில்லை.

கூடையில் இருந்தவர்கள் நாங்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பலூன் பக்கத்தில் இருந்த வெட்டிய புல்வெளியில் இறங்கியது. அதைத் தரையில் பின்தொடர்ந்து வந்த வான் வண்டியில் இருந்து ஆட்கள் குதித்துக் கயிற்றைப் பிடித்தார்கள். பலூனை ஓட்டிய பெண், ஐம்பது வயதிருக்கும், எங்களிடம் ஓடி வந்தாள். எங்களுக்கு அடிபட்டுவிட்டது என்று பயந்திருந்தாள். அக்கா எழுந்து உட்கார்ந்து, தலையில் ஒட்டிய இலையைத் தட்டியபடி, தனக்குத் தெரிந்த நாலு சொல்லில் சொன்னாள். சிறீலங்கா. விமானம். குண்டு.

அந்தப் பெண் அக்காவுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே அமர்ந்துவிட்டாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து மெல்லப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய், சரிந்து கிடந்த பலூனின் மேல் அந்தக் கையை வைத்தாள். அக்கா இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். சீலை வாங்கப் போனால் பார்ப்பாளே, அதே மாதிரி.

"ஐயோ, உது நைலெக்ஸ் சீலை மாதிரியெல்லோ கிடக்கு!"

பலூனை மடிக்க முதல் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டுமாம். வந்த சனம் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்தும் உருண்டும் காற்றை அமத்தினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நான் போய் விழுந்தேன். தயங்கித் தயங்கி நின்ற அக்காவும் பிறகு வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். காற்று விலகி அவளை ஒரு பக்கம் உருட்டிவிட்டது. அவள் சின்னப் பிள்ளை போலக் கத்திச் சிரித்தாள். கடைசியில் எல்லோருக்கும் ஒரு கிளாசில் நுரை தள்ளும் வைன் கொடுத்தார்கள். அவள் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அத்தானுக்குச் சொல்லாதை" என்றாள்.

புறப்படும்போது அந்தப் பெண், நாளைக் காலை கூடையில் இரண்டு இடம் இருக்கிறது, விரும்பினால் தன் விருந்தாளிகளாக வரலாம் என்றாள். அன்று முழுவதும் அக்கா யோசனையிலேயே இருந்தாள். இரவுச் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தாள்.

"நான் நாளைக்குப் பலூனில போறன்."

அத்தானுக்குச் சோறு புரையேறியது. "உமக்கென்ன விசரே? பிளேன் சத்தம் கேட்டாலே மேசைக்குக் கீழை போற ஆள்!"

"மேலை இருந்து பாத்தா கீழை நிக்கிற சனம் தெரியுதோ எண்டு பாக்கோணும்" என்றாள் அக்கா.

அத்தான் எழும்பிப் போய்த் தன் கமராவைத் தேடி எடுத்து வைத்தார்.

மறுநாள் காற்று அமைதியாக இருந்தது. ரொறன்ரோவில் சி.என். கோபுரத்துக் கண்ணாடித் தரையில் நின்றவள் நான் என்று வழியெல்லாம் வீரம் பேசிக்கொண்டு போனேன். கூடை தரையை விட்டதும் அதன் விளிம்பைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடியவளும் நான்தான். பலூனுக்குச் சூடேற்றும் அடுப்பு இரையும் ஒவ்வொரு தரமும் அக்காவின் தோள் துள்ளியது. ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. எட்டிக் கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சை பாரடி, அத்தான் கமராவோட ஓடுறார். அவற்ரை வழுக்கை கூடத் தெரியுது!"

நானும் பயந்து பயந்து கண்ணைத் திறந்தேன். அத்தான் தோட்டத்து ஒழுங்கையில், நித்திரைச் சட்டையோடு, எங்களைத் துரத்திக்கொண்டிருந்தார். கூடையில் இருந்த எல்லோருமே சிரித்தார்கள்.

பிறகு ஒரு கிராமத்துக்கு மேலே போனோம். அக்கா ஒரு வீட்டு முற்றத்தைக் காட்டினாள்.

"கொடியில காயப் போட்ட குழந்தைச் சட்டை. நீலம். கண்டனியே?"

"ஓம் அக்கா."

"எல்லாம் வடிவாத் தெரியுது" என்றாள். அவ்வளவுதான். குரல் உடையவில்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் இறங்கியது.

பலூன் ஓட்டிய பெண் அவள் தோளில் கை வைத்தாள். அக்கா கண்ணைத் துடைத்தாள். அப்போது கீழே, திராட்சை வரிசைக்குள் குனிந்து நின்ற ஒரு பெண், சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அக்கா கூடைக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கையையும் ஆட்டி, "போன்ஜூர்! போன்ஜூர்!" என்று கத்தினாள். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒருவரையும் அவள் விடவில்லை. நாயோடு நடந்தவர், உழவு இயந்திரக்காரர், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு போன கிழவி, எல்லோருக்கும் கை. ஒரு மாட்டுக்கும்கூட.

"ஏனக்கா இப்பிடிக் கத்துறாய்? தொண்டை போகப் போகுது" என்றேன்.

"கீழை நிக்கிறதுகள் பயப்பிடக் கூடாதடி" என்றாள்.

வேலை, வீடு, பிள்ளைகள் என்று ரொறன்ரோவில் எத்தனையோ காலம் ஓடிவிட்டது. யார் வீட்டுக் கொண்டாட்டத்தில் என்றாலும் பிரான்சில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், நான் சொல்வது இந்தக் கதையைத்தான். உலகம் காட்டுவதற்கென்று புதுப் பாஸ்போர்ட்டோடு அக்காவிடம் போனவள் நான். தனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று நினைக்கும் ஒரு மனம், சந்தோசமாக இருக்கும் நேரத்திலும் எப்படி வேலை செய்கிறது என்பதை, அந்தக் கூடைக்குள் அவள் பக்கத்தில் நின்றுதான் நான் கண்டுகொண்டேன்.