ஜன்னல் பக்கம் திருப்பிய டிவி

அந்தக் கோர்ட்டில் மைக்செட் என்றால் தெரியாத ஆளே கிடையாது. வீட்டில் வைத்த பேரை அவர் பெண்டாட்டியே மறந்திருப்பாள். வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பேரை மூன்று தடவை கூப்பிடுவதுதான் இருபத்தாறு வருஷமாக அவருக்கு உத்தியோகம். எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், எதிர்த்த தெரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன்கூடப் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவான்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது. தட்டச்சு செய்கிற அம்மாவையும் இரண்டு வக்கீல்களையும் ஒரே மாதத்தில் வாரிக்கொண்டு போனது. பூட்டிய கோர்ட்டை மறுபடி திறந்தபோது எல்லாமே மாறியிருந்தது. நீதிபதிக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, ஒரு பெஞ்சுக்கு ஒரே ஆள். காற்றோட்டத்துக்காக ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, காதைக் கிழிக்கிற நாலு பெரிய ஃபேன் வேறு. கட்சிக்காரர்கள் முற்றத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிற்க வேண்டும். முறை வந்தால் போனில் தகவல் போகும். யாரும் தொண்டையைத் திறந்து கத்தக் கூடாது. அதெல்லாம் சரிதான், உயிர் முக்கியம். ஆனால் மைக்செட்டின் குரலுக்கு வேலை போயிற்று.

"அண்ணே, சத்தத்தை மூட்டை கட்டி வீட்டுல வைங்க. அண்ணியாவது பயப்படட்டும்" என்று குமாஸ்தா கேலி பண்ணினார். கைதிகளை வேனில் கூட்டி வராமல் ஜெயிலில் இருந்தபடியே பெரிய டிவியில் காட்டுகிறார்கள் இல்லையா, அதற்குப் பட்டன் அமுக்க மைக்செட்டை உட்கார வைத்தார்கள்.

சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிற ஒருத்தி. அவளுடைய ஒரே பையன் பைக் திருட்டு வழக்கில் உள்ளே இருந்தான். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட நாதியில்லை. முன்பெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வாய்தாவுக்கு அவனைக் கூட்டி வருவார்கள். வேனிலிருந்து இறங்கி அவன் கோர்ட்டுக்குள் போகிற அந்த இருபதடி தூரமும் கூடவே நடப்பாள், காலரை இழுத்துச் சரிசெய்துவிடுவாள். போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். காய்ச்சல் அந்த இருபதடியையும் பிடுங்கிக்கொண்டது.

கோர்ட் மறுபடி திறந்த பிறகு வந்த முதல் வாய்தாவிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அண்ணே, அவன் மூஞ்சியை ஒரே ஒரு தடவை காட்டுங்கண்ணே."

மைக்செட்டுக்கு இளகின மனசு. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து டிவியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டார். அவள் பார்த்தாள். அவர் வெளியே வந்ததும் ஒன்று கேட்டாள்.

"அவனுக்கு என்னைத் தெரிஞ்சுதாண்ணே?"

எப்படித் தெரியும்? கேமரா தனியாக ஒரு ஸ்டாண்டில் நீதிபதியைப் பார்த்து நிற்கிறது, அதை அசைக்கக் கூடாதென்று உத்தரவு. பையனுக்குத் தெரிவதெல்லாம் நீதிபதியும் அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரும்தான். "இல்லம்மா" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் இந்த மனுஷன். அவள் கண்ணைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"நல்லாத் தெரிஞ்சுதும்மா."

அவ்வளவுதான். அடுத்த வாய்தாவிலிருந்து தலை வாரி, இருப்பதிலேயே நல்ல துணி உடுத்தி வந்தாள். டிவியில் பையன் வந்ததும் முகக்கவசத்தை ஒரு நொடி இறக்கிச் சிரிப்பாள், கையாட்டுவாள். வாசலில் நிற்கிற காவலர் அதட்டினால் மாட்டிக்கொள்வாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை ஜெயில்லேருந்து பேச விடுறாங்களாம்மா. உங்க போன் நம்பரைக் குடுத்தீங்களா?" என்று மைக்செட் ஒருநாள் கேட்டார்.

"எதுக்குண்ணே? வேலை நேரத்துல போன் வந்தா சூப்பர்வைசர் கத்துறான். அதான் நேருல பாத்துக்கிறோமே."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? பட்டன் அமுக்க உள்ளே போய்விட்டார்.

ஐந்தாவது வாய்தா. டிவியில் பையன் நிற்கிறான், மறு தேதி போட்டாயிற்று. நகரச் சொன்னால் நகரவில்லை.

"ஐயா, எங்கம்மா உயிரோட இருக்காங்களா? ஒரு தகவலும் இல்லைங்கய்யா. யாரைக் கேட்டாலும் தெரியலைங்கிறாங்க."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "ஜெயில் அதிகாரி விசாரிச்சுச் சொல்லுங்க" என்றவருக்கு முன்னால் இன்னும் நாற்பது வழக்கு கிடந்தது.

மைக்செட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முப்பதடி தள்ளி அவள் நிற்கிறாள். தானே தைத்த புதுச் சட்டை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஃபேன் போடுகிற சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. 'வெளியதான் நிக்கிறாங்கய்யா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இருபத்தாறு வருஷத்தில் கூப்பிடுகிற பேரைத் தவிர அந்த அறையில் அவர் வாய் திறந்ததில்லை. சொன்னால் டிவியைத் திருப்பினதும் வெளியே வரும், வேலைக்கே உலை. பட்டனை அமுக்கினார். டிவியில் அடுத்த கைதி வந்துவிட்டான்.

 அடுத்த வாய்தாவுக்கு யார் என்ன சொன்னாலும் சரி, கேமராவை அவள் பக்கம் திருப்பிவிடுவது என்று அன்றைக்கே மைக்செட் முடிவு பண்ணினார்.

அடுத்த வாய்தாவில் டிவியில் ஜெயில் அதிகாரி மட்டும்தான் வந்தார். கையில் ஒரு காகிதம். பையனைக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், முந்தாநாள் இறந்துவிட்டானாம்.

"வீட்டு போன் நம்பர் எதுவும் பதிவுல இல்லைங்கய்யா. தகவல் சொல்ல முடியல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு சொன்னார். "வெளிய யாராவது வந்திருக்காங்களா, கூப்பிட்டுப் பாருங்க."

எத்தனை மாசம் கழித்து அவரைக் கூப்பிடச் சொல்கிறார்கள்! மைக்செட் வாசலுக்கு வந்தார். கூப்பிடவில்லை. கயிறு வரைக்கும் நடந்து போய்ச் சொன்னார்.

அவள் வட்டத்துக்குள்ளேயே விழுந்து அழுதாள். பக்கத்து வட்டங்களில் நின்றவர்கள் கையைப் பிசைந்தார்களே தவிர ஒருத்தரும் தொட்டுத் தூக்க வரவில்லை. வெகு நேரம் கழித்து, புதுச் சட்டை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"போன தடவை ஏதோ பேசினானேண்ணே. உதடு அசைஞ்சுதே. என்ன சொன்னான்?"

"உங்களைப் பத்திதாம்மா கேட்டான்."

"நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேனே. பாத்தான்ல?"

"பாத்தான்மா."

எதிர்த்த தெருவுக்குக் கேட்ட அந்தக் குரல் முகக்கவசத்தைத் தாண்டி வரவில்லை. "என்னண்ணே?" என்றாள். இன்னொரு தடவை சொன்னார். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.