பியட் காருக்கு வைத்த பொட்டு

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டியதும் வரும் சந்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் சந்திரகலாவிடம் போய், "நீங்க கார் ஓட்டுவீங்களாமே?" என்று யாராவது கேட்டால், மெஷினை நிறுத்தாமலே, "ஒரு கார்தான் ஓட்டுவேன்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். உள்ளதைச் சொன்னால் சிரிக்க என்ன இருக்கிறது?

அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை போடுகிற குடும்பம். சகாதேவனுக்குப் பேசி முடித்தபோது மாப்பிள்ளை பஸ் டிரைவர், பெங்களூர் லைன் என்றார்கள். "உனக்கின்னாடி, நெனச்ச ஊருக்குப் போவலாம்" என்று சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். போனாள், போனாள்! டிரைவர் பெண்டாட்டிக்கு வாய்த்ததெல்லாம் வாசலில் நின்று டாட்டா காட்டுவதுதான். எப்போதாவது அவன் பஸ்ஸில் ஏறினாலும், பெண்கள் சீட்டில் உட்கார்ந்து அவன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். ஏதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், அவன் தலைக்கு மேலே போர்டு: ஓட்டுநரிடம் பேசாதீர்கள். கட்டின புருஷனிடம் பேசாதே என்று கவர்ன்மெண்டே எழுதி வைத்தால் பாவம் அவள் என்ன செய்வாள்!

அப்படியே வருஷங்கள் ஓடின. ஒரே மகள் ஆர்த்தி படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். இனிமேலாவது இரண்டு பேரும் எங்கேயாவது போய் வரலாம் என்று சந்திரகலா நினைத்திருந்த நேரத்தில் சகாதேவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. கை ஓரளவு தேறிற்று. கால் தேறவில்லை. கிளச் மிதிக்கிற கால் அது. வேலை அதோடு முடிந்தது.

பேச்சில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். ஆனால் சகாதேவன் பேசவில்லை. சோறு வைத்தால் "உம்". மாத்திரை கொடுத்தால் "உம்". டிவி போட்டால் அதைப் பார்ப்பான், அணைத்தால் அணைந்த டிவியைப் பார்ப்பான். சந்திரகலா மெஷின் மிதித்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள் தைக்கும் தொளதொள பேண்டைப் பற்றி, அளவு எடுக்க வந்தவர்கள் அடித்த கூத்தைப் பற்றி. சுவரிடம் சொன்னது போலத்தான். சில நாள் அவளுக்கு அழுகை வரும். சில நாள் ஆத்திரம் வரும், "வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு கீறீங்க?" என்று கத்திவிட்டு, அப்புறம் அதற்கும் சேர்த்து அழுவாள்.

ஒருநாள் கீழ்பென்னாத்தூரில் ஒரு காதுகுத்து விசேஷம். வீம்பாக அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். விருந்து நடந்தது அப்பாசாமியின் மல்லாட்டை மில்லில். அப்பாசாமி அவளுக்கு மாமா முறை. மில்லின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு பழைய பியட் கார் நின்றது. இத்தாலிக்காரன் போட்ட வடிவம், பம்பாயில் செய்தது. அந்தக் காலத்தில் டாக்டரும் வக்கீலும் வைத்திருந்த வண்டி. இப்போது பின்சீட்டில் கோழி அடைகாத்தது. சகாதேவன் காலை இழுத்து இழுத்து அதன் பக்கத்தில் போனான். வலது கையால் பானெட்டைத் தூக்கினான். வெகுநேரம் உள்ளே பார்த்தான்.

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு கெடைக்குமா?" என்றான்.

சந்திரகலாவின் கையிலிருந்த பாயசக் கிண்ணம் சாய்ந்து புடவையில் கொட்டியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் முழுப்பேச்சு. அந்த இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். அந்தத் துருப்பிடித்த தகரம் தன் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும்.

அப்பாசாமி லேசில் மசியவில்லை. "ஏம்மா கலா, என் வூட்ல துரு புடிச்சது போதாதுன்னு உன் வூட்லயும் துரு புடிக்கணுமா? காயலாங்கடைக்காரன் ஆயுத பூஜை முடிஞ்சதும் வந்து தூக்கிக்கிறேன்னு சொல்லிகிறான்."

"அதுக்குள்ள ஓட்டிக் காட்டுறோம் மாமா."

அவர் சகாதேவனின் காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி. பூஜையன்னிக்கு நானே வரேன். என் கண்ணு முன்னால ஓடினா உங்களுது. இல்லன்னா மறுநாளே காயலாங்கடைக்கு. அப்புறம் மாமன் மேல வருத்தப்படக் கூடாது."

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தினார்கள். முன்பு சகாதேவன் ஓட்டிய பஸ்ஸுக்கு ரிப்பேர் பார்த்தவனும் இப்போது சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருப்பவனுமான மாறன், ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்கு வருகிற சாக்கில் வந்து கனமான வேலைகளைச் செய்துகொடுத்தான். பணம் கம்மி, ஆகவே மூளைதான் ஜாஸ்தி செலவானது. ஓட்டை விழுந்த தரைக்கு எண்ணெய் டின் தகடு. கூரையின் உட்பக்கத்துக்கு வெள்ளை வேட்டித் துணி. சீட்டுக்குப் பழைய மெத்தை நார், மேலே அவளிடம் மிச்சமான துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்ட உறை. பெயின்ட் கடையில் தேங்கிக் கிடந்ததை எல்லாம் கலந்து அடித்ததில் வண்டி பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்தது. பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று சகாதேவன் ஒற்றைக் காலில் நின்றான். அதற்கான சாமான் எல்லாம் சென்னையிலிருந்து புதிதாக வந்தது.

ரிவர்ஸ் கியர் மட்டும் கடைசிவரை மக்கர் செய்தது. மாறன் கையைத் துடைத்துக்கொண்டு, "வுடுணா. கிரிவலம் போறவனுக்கு ரிவர்ஸ் எதுக்கு?" என்றான்.

சகாதேவன் பேசினான். வால்வு, கிளச் வயர், துரு எடுக்கும் எண்ணெய் என்று பேசினான். சந்திரகலாவுக்கு ஒரு எழவும் புரியவில்லை. அதனால் என்ன? ரேடியோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே தைத்தாள். ஒருநாள் அவன், "ஓட்டுறதுக்கு எனக்குக் கால் இல்ல. நீதான் ஓட்டணும்" என்றான்.

"நானா? எனக்கு மெஷின் பெடல வுட்டா வேற பெடல் தெரியாதுங்க."

"அதுவும் பெடல்தான்."

அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். வீட்டிலும், ஓடாத பியட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் முளைத்திருக்கும் கியரைப் போட்டுப் போட்டுப் பழகினாள். பக்கத்தில் உட்கார்ந்து சகாதேவன் திட்டினான். "கிளச்ச மிதிடி! கியரு பல்லெல்லாம் நொறுங்கிடப் போவுது!" அது ஓடாத வண்டி என்பதையே அவன் மறந்துவிடுவான். திட்டு வாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் இன்ஜின் உறுமியது. தெருவே எட்டிப் பார்த்தது. மாறன் ஸ்பேனர்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் விடிந்ததும் சந்திரகலா தலைக்குக் குளித்து, பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தாள். ஆயுத பூஜை என்றால் அவளுக்கு அரைகுறை ஆகாது. மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, அளவு நாடா, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். ஸ்பேனர்களைச் சாமி படத்தின் முன் அடுக்கிப் பூ வைத்தாள். பிறகு காருக்கு வந்தாள். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

ஊர் வழக்கப்படி வாழைப்பழம் பொரியோடு அப்பாசாமி வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாறனும் வந்தான். சகாதேவன் வெள்ளைச் சட்டை போட்டு இடது பக்கத்துச் சீட்டில் ஏறினான். கற்பூரம் காட்டி முடித்துச் சந்திரகலா ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

கர்ர்ர்... கர்ர்ர்...

வண்டி பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. மாறன் பானெட்டைத் தூக்கினான். பெட்ரோல் இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. "நேத்து நல்லா இருந்துச்சே! பிளக்கைக் கழட்டிப் பாக்கணும். ஸ்பேனர்..." என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் பார்த்தவன் நின்றுவிட்டான். ஸ்பேனர் பூஜையில் இருந்தது. மாறன் கடையில் இருப்பதும் பூஜையில். அன்றைக்கு ஊரில் உள்ள எல்லா ஸ்பேனரும் பூஜையில்!

"பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுப்பா" என்றார் அப்பாசாமி. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பொரியை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சகாதேவன் கதவைத் திறந்தான். "வுடு கலா. மாமா, காயலாங்கடைக்காரன வரச் சொல்லுங்க." காலை எடுத்துக் கீழே வைத்தான். முகம் இறுகிக்கொண்டது. அந்த முகம் அவளுக்குத் தெரியும். இப்போது உள்ளே போய்ப் படுத்தால், நாளையிலிருந்து மறுபடியும் "உம்"தான்.

சாமிக்கு என்ன குறை வைத்தேன்? எங்கேயாவது பொட்டு விட்டுப்போச்சா? பதற்றத்தில் ஒவ்வொன்றாக மனசுக்குள் தொட்டு வந்தாள். லைட்டுக்கு வைத்தேன். ஸ்டீயரிங்குக்கு வைத்தேன். பேட்டரிக்கு வைத்தேன். அப்புறம் அந்தக் கறுப்பு டப்பா, நாலு பிளக்குக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் என்று அவர் சொல்வாரே அது, மூடி கழன்று கிடந்தது, உள்ளே பித்தளை முனை நாலும் மினுமினு என்று இருந்தது...

"ஐயையோ!" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏங்க... அந்தக் கறுப்பு மூடி தெறந்து கெடந்துதா... உள்ள நாலு முனைக்கும் சந்தனம் வெச்சி, குங்குமம் வெச்சி, நீங்க மூடுற மாதிரியே நான் மூடிட்டேங்க."

மாறன் சகாதேவனைப் பார்த்தான். "நேத்து நான் போறப்ப மூடிதானேணா இருந்துச்சு?"

"நீ போனப்புறம் நான்தான் தொடைக்கலாம்னு தெறந்தேன். காலைல பாத்தா மூடியிருந்துது. நீ வந்து மூடிட்டேன்னு நெனச்சேன்."

அந்த மூடிக்கு ஸ்பேனர் தேவையில்லை. இரண்டு பக்கமும் கிளிப்தான். மாறன் விரலால் நெம்பி எடுத்துத் திருப்பிக் காட்டினான். உள்ளே நாலு முனையிலும் பன்னீர் ஈரத்தோடு வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் சிவப்பாகக் குங்குமம். கொஞ்சம்கூட ஈஷாமல், கல்யாணப் பெண்ணுக்கு வைத்த மாதிரி.

"இதுல கரண்ட் எப்படிக்கா போவும்?" என்றான் மாறன்.

சகாதேவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறான் என்று நினைத்துச் சந்திரகலா தண்ணீருக்கு ஓடப் பார்த்தாள். இருமல் இல்லை, சிரிப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "உள்ள பூந்து வெச்சிகிறா மாமா! இன்ஜினுக்குள்ள பூந்து பொட்டு வெச்சிகிறா!" அப்பாசாமியும் பொரி சிதறச் சிரித்தார். சந்திரகலாவுக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

வெட்டுத் துணியில் பெட்ரோலை நனைத்து அவளே துடைத்தாள். ஒவ்வொரு முனையையும் துடைக்கும்போது மனசுக்குள் சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். மாறன் மூடியைப் போட்டான். சாவியைத் திருப்பினாள். பியட் ஒரு தரம் கனைத்துக்கொண்டு பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"காயலாங்கடைக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், போய்ட்டு வாங்க" என்று அப்பாசாமி கத்தியது இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அப்பாடா என்று சந்திரகலா வாய்விட்டே சொன்னாள்.

பௌர்ணமி இல்லாத நாள், ரோடு காலியாக இருந்தது. செங்கம் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதையில் திரும்பினாள். மலை அவள் பக்கமாக வந்தது. சகாதேவன் அவளைத் தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தினி வருஷம் இந்த ஊர்ல வண்டி ஓட்டிகிறேன். ஒரு நாள்கூட இப்படி மலைய பாத்ததில்ல கலா. ரோட்டத்தான் பாத்தேன்."

அவளும் ஆசையாகத் திரும்பினாள்.

"ஏய், ரோட்டப் பாருடி! கியர மாத்து! இன்னா யோசனை?"

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுங்க" என்றாள் சந்திரகலா.

அவன் கேட்கவில்லை. மலையைச் சுற்றி முடிக்கும்வரை பேசிக்கொண்டே வந்தான்.