தைலத்துக்கு மயங்கிய பூச்சிகள்

குடைமிளகாய் வளரும் பசுமைக்குடிலில் அவளுக்குப் பெயர் பூச்சிக்காரி. அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆறு வருஷம் பூச்சிமருந்து டாங்கை முதுகில் சுமந்து, கண்ணெரிந்து, சோறு இறங்காமல் கிடந்தவள் அவள். இப்போது கெட்ட பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளை வளர்த்துச் செடிகளில் விடுவதுதான் வேலை. சும்மாவா?

இந்தத் தடவை சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இலைக்கு இலை அப்பிக்கொண்டது. முதலாளி பத்து நாள் கெடு வைத்தார்.

"அதுக்குள்ள குறையலைன்னா மருந்துதான். நீயே டாங்கைத் தூக்கிக்க."

மருந்து அடித்தால் அசுவினியோடு அவள் பூச்சிகளும் காலி, அவள் வேலையும் காலி.

பூச்சிக்காரி அசரவில்லை. அசுவினி கடித்த செடி ஒரு வாசனையை விடும். இங்கே இரை இருக்கிறது என்று அசுவினியின் எதிரிகளுக்கு அது போடும் கூப்பாடு. அதே வாசனை ஊறிய சின்னப் பைகளை வரிசை வரிசையாகக் கட்டிவிட்டு, முந்நூறு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளைத் திறந்துவிட்டாள். அவை செடியில் முட்டையிட்டால் போதும், வெளியே வரும் புழுக்கள் அசுவினியை உறிஞ்சித் தள்ளிவிடும்.

மூன்றாம் நாள் பார்த்தால் செடியில் ஒன்றையும் காணோம். அப்போதுதான் பக்கத்துப் பேக்கிங் அறையிலிருந்து அவள் நாத்தனாரின் அலறல் கேட்டது.

"அண்ணி! உங்க பிள்ளைங்க என் மேல ஏறி விளையாடுதுங்க, வந்து கூட்டிட்டுப் போங்க!"

ஓடினாள். டியூப் லைட்டில், அட்டைப்பெட்டியில், நாத்தனாரின் இடுப்பில் எல்லாம் பச்சைப் பச்சையாகப் பூச்சிகள். நாளெல்லாம் நின்று பெட்டி கட்டும் பதினொரு பெண்களும் வலித் தைலத்தை அப்பி, மேலே துணி சுற்றியிருந்தார்கள். மோந்து பார்த்தாள். அட, பையில் இருக்கும் அதே வாசனை! பையில் இருந்ததோ நாலு சொட்டு, இங்கே பதினொரு இடுப்பு. பூச்சிகளைக் குறை சொல்லி என்ன பயன்? அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"எல்லாரும் கழட்டுங்க! இடுப்புத் துணியத்தான் சொல்றேன்!"

"அப்ப என் வலிக்கு?" என்றாள் நாத்தனார்.

"ஒரு வாரம் பொறுத்துக்கடி. தினமும் நானே பிடிச்சு விடறேன்."

துணிகளைச் செடிகளுக்கு நடுவே கட்டி, தைல டப்பாக்களையும் பறித்துக்கொண்டு, பேக்கிங் அறையைத் துடைத்துக் கதவைச் சாத்தினாள். பொழுது சாய்வதற்குள் பூச்சிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவள் வரிசைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு வந்த ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள்.

பத்தாம் நாள் முதலாளி வந்தார். ஓர் இலையைத் திருப்பினார், அதில் புழு ஒன்று அசுவினியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இன்னோர் இலையில் செத்த அசுவினியின் வெறும் தோல்கள்தான். வரிசை முழுக்க நடந்து பார்த்தார். பூச்சிக்காரி பின்னாலேயே ஓடினாள். அவர் நேராகப் போய் மருந்து அறையைப் பூட்டி, சாவியை அவள் கையில் வைத்தார்.

"இனிமே திறக்கணும்னா உன்னைக் கேட்டுத்தான் திறப்பேன்."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் தலை மறைந்ததும் நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். "விடுங்க அண்ணி, தலை சுத்துது!" என்று நாத்தனார் கத்தியும் விடவில்லை.