அவள் கொடுத்த ரத்தம்

நாங்கள் ரெட்டைப் பிள்ளைகள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அம்மாவைத் தவிர யாருக்கும் எங்களில் யார் எவள் என்று தெரியாது.

அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவளுடைய விரல்கள் தன்னால் துள்ள ஆரம்பித்தன. பிறகு தோள், முகம், நடை எல்லாம். குடித்துவிட்டு வருகிறாள் என்று மில்லில் நிறுத்திவிட்டார்கள், பாவிகள்! பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அய்யனார் கோவில் அருவியில் தலை முழுக வைத்தார்கள். பேயாகவே இருந்திருக்கக் கூடாதா? விரட்டியிருக்கலாமே. கடைசியில் அம்மாவுக்கும் எங்களைத் தெரியாமல் போய், அப்படியே செத்தும் போனாள். அதற்குப் பிறகு ஒரு டம்ளர் கை தவறி விழுந்தாலும் என் விரல்களையே உற்றுப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளில்தான் மதுரை டாக்டர் ஒருவர் விளக்கினார். அது பரம்பரை நோய். பெற்ற பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. மருந்து கிடையாது. ஆனால் வருமா வராதா என்பதை மட்டும் ரத்தத்தில் மரபணுவைப் பார்த்து இப்போதே சொல்லிவிடுவார்களாம், பெங்களூரில்.

மருந்தில்லாத நோய்க்கு ஜோசியம் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். கூடப் பிறந்தவளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாமயே என்னை ஒருத்தர் தலையில கட்டச் சொல்லுதியா?" என்றாள்.

"நீ பாத்தா எனக்கும் பாத்த மாதிரிதானட்டி! ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்லா."

"ஒங்கிட்ட மூச்சு விட மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

அவள் சொல்வதும் நியாயம், நான் சொல்வதும் நியாயம். என்ன செய்ய? போய் வா என்றேன்.

முடிவு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அம்மாவின் கதையைக் கேள்விப்பட்டு நழுவிவிட்டார்கள். அதனால் கல்யாணம் நின்றதை வைத்தும் என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெங்களூரிலிருந்து திரும்பியவள் எப்போதும்போலச் சாப்பிட்டாள், சிரித்தாள்.

"என்னட்டி, எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க? பவுடர் ஜாஸ்தியா?" என்று கேலி வேறு.

எப்படிப் பார்க்காமல் இருப்பேன்? அது என் முகமும்தானே. ஒன்றும் பிடிபடவில்லை. மாதக்கணக்கில் சத்தியத்தைக் காப்பாற்றினாள், மகராசி.

பிறகு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவளிடம், வாசலிலேயே, எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொன்னேன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஏங்கியது. தெருவையே கூட்டியிருக்க வேண்டியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தான்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல, மொதல்ல ஒனக்குத்தான்."

"சொல்லாதட்டி. செத்த பொறு."

சொன்னதுமே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலட்டி, ஒண்ணுமே சொல்லல" என்று என் தோளில் விழுந்து அழுதாள். எங்கள் இரண்டு பேருக்கும் வரும். வருமா வராதா என்று தெரியாதது என் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மட்டும்தான்.