ஆம்பளை பேனா, லேடீஸ் பேனா

1. வெட்டின பேர் வெட்டினதுதான்

"ஐயோ, எங்க எச்.எம். பொம்பளைம்மா!"

சாலவாக்கம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் இப்படிக் கத்தியபோது நான் வெல்வெட் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டியபடி நின்றிருந்தேன். உள்ளே இருந்தது எங்கள் கடையிலேயே ஒசத்தியான பேனா. கன்னங்கறுப்பு, கட்டைவிரல் பருமன், தங்க நிப்பு, பட்டையான தங்கக் கிளிப். அதன் உடம்பில் 'டி. அமிர்தம்' என்று நானே பேர் வெட்டியிருந்தேன். ஊசி உளியால் எழுத்தைக் கீறிப் பொன் பூச்சைத் தடவித் துடைத்துவிட்டால், பிறகு எந்த ரப்பராலும் அழியாது.

எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூர் பஜார் தெருவில் அந்தப் பேனாக் கடையில் நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. லேடீஸ் பேனாவை லேடீஸ்தான் விற்கவேண்டும் என்பது முதலாளியின் கட்சி. என்னை வேலைக்கு வைத்ததே அதற்காகத்தான்.

பேனாவுக்கே ஜாதகம் எழுதுகிறவர் அவர். கறுப்பு, கரும்பச்சை, பருமன் என்றால் ஆம்பளை. ரோஸ், மெரூன், மெல்லிசு என்றால் லேடீஸ். நடுவில் தங்க வளையம் இருந்துவிட்டால், "ஒட்டியாணம் போட்டுக்கினு கீது பாரு" என்பார். லேடீஸ் பேனாவுக்குச் சட்டைப்பையில் செருகக் கிளிப் ஏன் இல்லை என்று ஒருநாள் கேட்டதற்கு, "பொம்பளைக்கு ஏதும்மா ஜோபி?" என்று என்னையே மடக்கினார். கண்ணாடி அலமாரியில் இரண்டு தட்டு, 'ஆம்பளை', 'லேடீஸ்' என்று இரண்டு அட்டை. அதற்கும் மேலே, பூட்டு போட்ட தட்டில் சென்னையிலிருந்து வாங்கி வந்த வெளிநாட்டுப் பேனா இரண்டு. பருமனான கறுப்புக்கு அவர் வைத்த பேர் மாப்பிள்ளை. ஒட்டியாணம் போட்ட மெல்லிசான மெரூனுக்குப் பேர் பொண்ணு.

2. அவங்க

நான் செய்த தப்பு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். முந்தின வாரம் டிரில் மாஸ்டர் ஆர்டர் கொடுக்க வந்தார். மலை மாதிரி ஆள். மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும்.

"எங்க எச்.எம். ரிட்டையர் ஆவறாங்கம்மா. ஸ்டாஃபெல்லாம் சேந்து பேனா வாங்கித் தரோம். பேர் போட்டுக் குடு."

"அவங்க எப்பிடி சார் இருப்பாங்க?"

"அவங்களா? செம கறாரு. ஒரு குரல் வுட்டாங்கன்னா ஏரிக்கரையில சுத்துற பசங்கூட ஓடியாந்து பெஞ்சில குந்திக்கும். நானே கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன்னா பாத்துக்கோ."

சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தார்: டி. அமிர்தம். என் சொந்தப் பெரியப்பா பேர் அமிர்தம்! அந்த மனுஷர் மூச்சுக்கு மூச்சு 'அவங்க, அவங்க' என்றாரே தவிர, ஒரு தரம் 'டீச்சரம்மா' என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கறார், குரல், பயம் மூன்றையும் கூட்டிப் பார்த்தேன், மாப்பிள்ளையை எடுத்துவிட்டேன். நானும் ஒரு பெண்தானே, எனக்குமா தோன்றவில்லை? அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டிரில் மாஸ்டர் போட்ட கத்தலில் கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். "இன்னாம்மா இது, இப்பிடி பேஜார் பண்ணி வெச்சிக்கிற? பேர் வெட்டின பேனாவ இன்னொருத்தன் வாங்குவானா? இது திரும்பி வந்துச்சுன்னா நீ திரும்பி வர வேணாம்."

எங்கள் வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அனுப்ப மாட்டேன் என்று அம்மா ஒரு வாரம் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று மாதத்தில் துரத்திவிட்டார்கள் என்று போய் நின்றால், மறுநாளே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவாள். அது பேனா மாப்பிள்ளை இல்லை.

விழா அன்றைக்கே மூன்று மணிக்கு. "ரெண்டு பேனாவையும் நானே எடுத்துக்கினு போறேன் முதலாளி" என்றேன். "அவங்க பொண்ணத்தான் கேட்டாங்கன்னா அங்கியே குந்தி பேர் வெட்டிக் குடுத்துட்டு வரேன்." அவர் பதில் சொல்வதற்குள் உளியையும் பொன் பூச்சையும் பைக்குள் போட்டுக்கொண்டு டிரில் மாஸ்டர் பின்னால் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அந்த மலை பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தது.

3. மேஜை கூடவா இல்லை?

எச்.எம். அம்மா ஒல்லியான, குள்ளமான மனுஷி. கடைசி நாளிலும் உட்கார்ந்து டி.சி.க்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ரோஸ் நிறத்தில் ஒரு மெல்லிசுப் பேனா. அதன் கழுத்தைச் சுற்றி சைக்கிள் வால்வு டியூபைப் புடலங்காய் பருமனுக்குச் சுற்றியிருந்தார்.

பெட்டிகளை வைத்துவிட்டு நான் உளறினேன். "மேடம், உங்கள ஆம்பளைன்னு நெனச்சிட்டேன்."

டிரில் மாஸ்டர் உத்தரத்தைப் பார்த்தார்.

அந்த அம்மா பொண்ணை எடுத்து ஒரு கையெழுத்துப் போட்டார். கீழே வைத்தார். சாய்வான மேஜை, கிளிப் இல்லாத பேனா. அது கடகடவென்று உருண்டு விளிம்பு தாண்டியதும் டிரில் மாஸ்டர் கேட்ச் பிடிப்பதுபோல் பாய்ந்து பிடித்தார்.

"ஏம்மா, கிளிப்பக் காணோமே? லேடீஸுக்கு ஜோபிதான் இல்ல, சரி. மேஜை கூடவா இல்ல?" என்றார் எச்.எம். அம்மா.

பிறகு மாப்பிள்ளையை எடுத்தார். ஒரு டி.சி., இரண்டு, ஐந்து. கை நிற்கவில்லை.

"விரல் இழுக்கவே இல்லியே! லேடீஸ் பேனா லேடீஸ் பேனான்னு எல்லாரும் எனக்கு மெல்லிசாவே வாங்கிக் குடுத்தாங்க. புடிச்சுப் புடிச்சு விரலெல்லாம் வலி. அதான் இந்த டியூப சுத்திக்கினேன். என்னை ஆம்பளைன்னு நெனச்ச பாரு, அதான் உருப்படியா எடுத்தாந்திருக்க. பேர் வெட்டினது யாரு?"

"நான்தான் மேடம்."

"'மி'க்குக் கொக்கி சுத்தமா வந்திருக்கு" என்றார். ஒரு தாளை எடுத்து, 'பேனா சரியான கைக்கு வந்து சேர்ந்தது' என்று எழுதி, அதே பேனாவால் கையெழுத்துப் போட்டு, "உங்க முதலாளிகிட்ட குடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் காலில் விழப்போனேன், "விழா மேடையிலதான் விழுவாங்க, இங்க வேணாம்" என்று விரட்டினார்.

முதலாளி அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். "எழுத்து நல்லா பட்டையா வுழுந்துகீது" என்றார். தாளை மடித்துக் கல்லாவில் போட்டுவிட்டு, "காலைல சீக்கிரம் வா. தட்டெல்லாம் ஒரே தூசி" என்றார். மறுநாள் தூசி தட்டியபோது அந்த இரண்டு அட்டைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். அவர் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ வருஷம் பேனா விற்றேன். யார் வந்தாலும் முதலில் கையைக் காட்டச் சொல்வேன். தடித்த விரலா, வேர்க்கிற கையா, நாளெல்லாம் எழுதுகிற கையா என்று பார்ப்பேன். வாங்குபவர் ஆணா பெண்ணா என்று கேட்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. நம்ம பாஷையில் ஒருத்தரை மரியாதையாகச் சொன்னாலே அது தெரிவதில்லை. பேனாவுக்கு மட்டும் எதற்கு?

பொண்ணு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அன்றைக்குப் பள்ளிக்கூட கேட்டில் டிரில் மாஸ்டர் என்னை ஓரங்கட்டி, "அந்த சின்னத நானே எடுத்துக்கிறேம்மா. வூட்டுக்காரிக்கு" என்று குரலை இறக்கிச் சொல்லி வாங்கிக்கொண்டார். மறு வருஷம் நிப்பு மாற்ற வந்தார். அந்த அகன்ற மார்பில் விசிலும் பொண்ணும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கிளிப் இல்லை அல்லவா, ஒட்டியாணத்தில் முடிச்சு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடப் பாவமே! இதுல யார் கழுத்துல யாரு தாலி கட்டிக்கிறாங்கன்னே தெரியலியேம்மா!"